அரசியின் முகத்தை வரைந்தவர்

இந்தக் காலாண்டு வாழ்க்கை வரலாற்றுப் பகுதிக்கு ஓர் ஓவியரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் எலிசபெத் விஜே லெ ப்ரன். பிரான்ஸ் நாட்டவர். பெயர் நம்மில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் வரைந்த ஒரு முகம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் வருவாரே, மேரி அன்டாய்னெட் அரசி, அவருடைய முகம்தான். அந்த அரசியின் பெயரை இணையத்தில் தேடினால் வந்து விழும் படங்களில் பல இவர் கையால் வரைந்தவை.

அவர் கதைக்குள் போகும் முன் ஒரு விஷயம். இன்று ஒரு பெண் யார் என்று காட்ட ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது. 250 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் அந்த வேலையைச் செய்தது உருவப்படம். உடுத்தியிருப்பது பட்டா பருத்தியா, கழுத்தில் என்ன நகை, தலையில் எவ்வளவு பவுடர், பக்கத்தில் நாற்காலியா தூணா கிரீடமா என்பதைப் பார்த்தே அவள் யார் மகள், யார் மனைவி, எந்தப் படியில் நிற்பவள் என்று வந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். படத்துக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அப்பாவோ கணவரோ அரசாங்கமோதான். படத்தில் உட்காருகிற பெண்ணுக்கு அதில் சொல்ல இடம் குறைவு. அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தவர் எலிசபெத். அதற்கு அவரும் விலை கொடுத்தார், அவர் வரைந்த பெண்களும் விலை கொடுத்தார்கள்.

1755 ஏப்ரல் 16 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா லூயி விஜே, பாஸ்டல் வண்ணக் கட்டிகளால் உருவப்படம் வரைபவர். அம்மா தலை அலங்காரத் தொழில் செய்தவர். அந்தக் கால வழக்கப்படி ஐந்தாறு வயதிலேயே குழந்தையைக் கன்னிமாடப் பள்ளியில் தங்கிப் படிக்க அனுப்பிவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தின் ஓரம், படுக்கையறைச் சுவர் என்று ஓர் இடம் விடாமல் கிறுக்கி, அடிக்கடி தண்டனையும் வாங்கினாள் சிறுமி. வீட்டுக்கு வந்தபோது மகள் வரைந்த தாடிக்காரர் தலை ஒன்றைப் பார்த்து அப்பா பூரித்துப்போனார். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. தொண்டையில் சிக்கிய மீன் முள் வினையாகி 1767இல் அவர் இறந்தார். எலிசபெத்துக்கு அப்போது 12 வயது.

குடும்பத்தில் வருமானம் நின்றது. தம்பி படிக்க வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் எலிசபெத் காசுக்கு உருவப்படம் வரையத் தொடங்கிவிட்டார். இதற்குள் அம்மா ஒரு நகைக்கடைக்காரரை மறுமணம் செய்துகொண்டார். வசதியான மனிதர், ஆனால் கஞ்சர். மகள் சம்பாதித்த பணத்தை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இறந்துபோன அப்பாவின் உடுப்புகளை அளவுகூடத் திருத்தாமல் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார். பணம் பறிபோனதை விட அந்த உடுப்பைப் பார்ப்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று பல ஆண்டு கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

அழகான இளம்பெண் வீட்டில் வைத்துப் படம் வரைகிறாள் என்றால் வரும் ஆண்கள் எல்லோரும் படத்துக்காக மட்டும் வருவதில்லை. எலிசபெத் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அம்மா எப்போதும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். வந்தவர் கண்ணால் பேச ஆரம்பிக்கிறார் என்று தெரிந்தால், இப்போது கண்ணை வரையப்போகிறேன், பார்வை அந்தப் பக்கம் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவார். அவர் அப்போது வரைந்த ஆண்களின் படங்களில் எங்கோ வெறித்துப் பார்ப்பவர்கள் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்!

தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது 1774இல் அதிகாரிகள் வந்து அவருடைய ஓவியக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். ஓவியர் சங்கம் எதிலும் உறுப்பினராக இல்லாமல் காசுக்கு வரைவது சட்டவிரோதம். உடனே செயின்ட் லூக் ஓவியர் கழகத்துக்கு விண்ணப்பித்து, அதே ஆண்டு உறுப்பினரானார். வயது 19.

1776இல் திருமணம். மாப்பிள்ளை ஜான் பாப்டிஸ்ட் பியேர் லெ ப்ரன், ஓவிய வியாபாரி. பழைய ஓவியங்களை எடைபோடுவதில் கெட்டிக்காரர், வீடு முழுக்க நல்ல படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்தே எலிசபெத் நிறையக் கற்றார். அந்த அளவுக்கு லாபம். மற்றபடி சூதாட்டம், பெண் தொடர்பு, கைக்கு வந்த பணம் தங்காது. அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மனைவியின் வருமானம் கணவன் பொறுப்பில். மாற்றாந்தந்தை கையிலிருந்து பணப்பெட்டிச் சாவி கணவன் கைக்கு மாறியது, அவ்வளவுதான். பாரிஸிலேயே அதிகக் கட்டணம் வாங்கும் ஓவியர்களில் ஒருவர். பத்து லட்சம் பிராங்குக்கு மேல் சம்பாதித்தவர். ஆனால் 1789இல் நாட்டை விட்டுப் போகும்போது தமக்கென்று இருபது பிராங்க் வருமானம்கூட மிஞ்சியிருக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

1778இல் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. மேரி அன்டாய்னெட்டும் 1755இல் பிறந்தவர்தான். இருவருக்கும் வயது 23. ஆஸ்திரியப் பேரரசியான அம்மா மரியா தெரசா, வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகளின் முகத்தைச் சரியாகக் காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு முன் வரைந்தவர்கள் யாரும் திருப்தியாக வரையவில்லை. எலிசபெத் வரைந்த முதல் படத்தில் அரசி வெள்ளைச் சாட்டின் உடுப்பில் நிற்கிறார். இடுப்புக்கு இருபுறமும் கட்டில் அகலத்துக்கு விரிந்த பாவாடை, பின்னால் தூண், மேசையில் கிரீடம். முறைப்படியான அரசிப் படம். முகத்தை விட உடுப்புதான் அதிகம் பேசுகிறது. வியன்னாவில் இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு பத்தாண்டுகளில் அரசியையும் அவர் குடும்பத்தையும் சுமார் முப்பது முறை வரைந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் உண்டானது. சேர்ந்து பாட்டுக்கூடப் பாடுவார்களாம். ஒருமுறை எலிசபெத் நிறைமாதக் கர்ப்பம். உடம்புக்கு முடியாமல் குறித்த நாளில் போகவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனார். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த அரசி பயணத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதற்றத்தில் எலிசபெத் பெட்டியைத் தட்டிவிட, தூரிகைகள் தரையெல்லாம் சிதறின. குனிய முடியாத நிலையில் இருந்த அவரைத் தடுத்து, பிரான்ஸ் நாட்டு அரசி தாமே குனிந்து தூரிகைகளைப் பொறுக்கிக் கொடுத்தார். 1780 பிப்ரவரியில் எலிசபெத்துக்கு மகள் பிறந்தாள். ஜூலி என்று பெயர்.

இந்த ஆண்டுகளில்தான் எலிசபெத் உருவப்படத்தின் சம்பிரதாயங்களை மெல்ல மெல்லக் கழற்ற ஆரம்பித்தார். தலையில் பவுடர் கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. கிராமோன் கதெரூஸ் சீமாட்டியைப் படம் வரையும்போது கெஞ்சிக் கேட்டு, அவருடைய கரிய கூந்தலைப் பவுடர் இல்லாமல் நெற்றியில் வகிடெடுத்து விடச் செய்தார். படம் வரைந்து முடிந்த நேரம் நாடகம் பார்க்கும் நேரம். சீமாட்டி அதே தலையோடு நாடகத்துக்குப் போனார். அதைப் பார்த்த மற்றப் பெண்களும் பிடித்துக்கொள்ள, கொஞ்ச காலத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. விறைப்பான உடுப்புக்குப் பதில் ஒரு சால்வையை எடுத்து இவரே தோளில் சுற்றிவிடுவார். நகை வேண்டாம், தொப்பி போதும் என்பார். இப்படி வரைந்தபோது என்ன நடந்தது? பார்ப்பவர்களால் அந்தப் பெண்ணின் படிநிலையைச் சட்டென்று படிக்க முடியாமல் போனது. 15ஆம் லூயி மன்னரின் ஆசைநாயகியாக இருந்த துய் பாரி அம்மையாரை அவர் 1781இல் வரைந்த படத்தில் வெள்ளை அங்கியும் வைக்கோல் தொப்பியும்தான். தையல்காரியின் மகளாகப் பிறந்து அரண்மனை வரை போன அந்தப் பெண்ணும், பிறவியிலேயே சீமாட்டியான இன்னொருத்தியும் ஏறக்குறைய ஒரே கோலத்தில்.

தம்மையும் அப்படித்தான் வரைந்துகொண்டார். 1781இல் கணவரோடு பிளாண்டர்ஸ், ஹாலந்து பக்கம் போனபோது ஆண்ட்வெர்ப்பில் ரூபன்ஸ் வரைந்த தொப்பிப் பெண் படத்தைப் பார்த்து மயங்கி, வைக்கோல் தொப்பி வைத்துத் தம் படத்தை வரைந்தார். அதன் பிரதி லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ரூபன்ஸின் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு வெட்கத்தோடு பார்க்கிறாள். எலிசபெத் அப்படி இல்லை. ஒரு கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும்; மறுகை நம்மைப் பார்த்து விரிந்திருக்கிறது; கண் நேராகப் பார்க்கிறது. உடுப்பைப் பார்த்தால் சீமாட்டி, கையைப் பார்த்தால் தொழிலாளி. இரண்டும் ஒரே ஆள் என்று அவர் அடித்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

1783இல் அரச ஓவிய அகாடமிக்குள் நுழைய முயன்றார். அங்கே பெண்களுக்கு ஒரே சமயத்தில் மொத்தம் நான்கு இடம்தான். நம் கம்யூனிட்டி ஹாலில் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், இந்த எண் எவ்வளவு சின்னது என்று தெரியும். உறுப்பினரானாலும் ஆண்களைப் போல மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்கள் உட்கார முடியாது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் புராண, வரலாற்று ஓவியம் வரைய முடியாது. வரலாற்று ஓவியம் வரையாதவருக்கு மேல்வரிசை மரியாதை கிடையாது. ஆகவே பெண்களுக்கு உருவப்படமும் பூச்சாடியும்தான் என்று தானாகவே முடிவாகிவிடும். எலிசபெத்தை எதிர்த்தவர்கள் இன்னொரு காரணத்தையும் பிடித்தார்கள்: கணவர் வியாபாரி, வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டவரைச் சேர்க்கக்கூடாது. அரசி மன்னரிடம் சொல்ல, மன்னர் ஆணையிட, மே 31 அன்று சேர்த்துக்கொண்டார்கள். அதே நாளில் அடலெய்ட் லபீல் கியார் என்ற இன்னொரு பெண் ஓவியரும் சேர்ந்தார். இவருக்குப் பரிந்துரை எதுவும் தேவைப்படவில்லை. இருவரையும் போட்டியாளர்களாக்கிப் பத்திரிகைகள் வேடிக்கை பார்த்தன. பின்னாளில் பெண்களுக்கான எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட வேண்டும் என்று அகாடமிக்குள் போராடியது லபீல் கியார்தான், எலிசபெத் அல்ல. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த 1783ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில்தான் பெரிய ரகளை நடந்தது. லூவ்ரில் நடக்கும் இந்தக் கண்காட்சியை ஊரே வந்து பார்க்கும். எலிசபெத் வைத்த படங்களில் ஒன்றில் அரசி வெள்ளை மஸ்லின் உடுப்பில் இருந்தார். மஸ்லின் என்றால் நம் வங்காளத்து நெசவாளர்களால் உலகம் முழுவதும் பேர்பெற்ற மெல்லிய பருத்தித் துணி. இடுப்பில் ஒரு நாடா, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா. கிரீடம் இல்லை, நகை இல்லை, பட்டு இல்லை. தம் தனி மாளிகையில் தோழிகளோடு இருக்கும்போது அரசி உண்மையிலேயே இப்படித்தான் உடுத்துவார். ஆனால் பார்த்த ஜனங்களுக்கு அது உள்ளாடையாகத் தெரிந்தது. அரசி உள்ளாடையோடு உட்கார்ந்து படம் வரையச் சொல்லியிருக்கிறார் என்று பேச்சு. லியோன் நகரப் பட்டு நெசவாளர் வயிற்றில் அடித்துவிட்டு அந்நியப் பருத்தியை உடுத்துகிறார், ஆஸ்திரியாக்காரி அப்படித்தான் இருப்பாள் என்று இன்னொரு பேச்சு. படத்தைக் கண்காட்சியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. எலிசபெத் அவசர அவசரமாக இன்னொன்று வரைந்து மாட்டினார். அதே நிலை, அதே ரோஜா. உடுப்பு மட்டும் நீலச் சாயலுள்ள பட்டு, கழுத்தில் முத்து. ஊர் அமைதியானது.

ஒரு நாட்டின் அரசிக்கே தாம் விரும்பிய உடுப்பில் படத்தில் உட்கார உரிமை இல்லை. அவருடைய உடம்பு அரசாங்கச் சொத்து, உடுப்பு அரசாங்க அறிவிப்பு. எலிசபெத் அரசியை ஒரு பெண்ணாகக் காட்ட நினைத்தார். ஊர் அதைத் தகுதிக்குறைவு என்று படித்தது.

இதே துணி இன்னொரு படத்தில் என்ன ஆயிற்று என்பது நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சு உதவி கேட்டு மூன்று தூதர்களை அனுப்பினார். புதுச்சேரியில் கப்பலேறிய அவர்கள் 1788இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஆப்பராவில் அவர்களைப் பார்த்த எலிசபெத்துக்கு வரைய ஆசை. மன்னர் கேட்டுக்கொண்டால்தான் உட்காருவோம் என்றார்கள். மன்னரே சொல்லி அனுப்பினார். மைசூர் தூதர் முகம்மது தர்வேஷ் கான் கத்தியில் கை வைத்து நின்றார். தங்கப் பூவேலை செய்த வெள்ளை மஸ்லின் அங்கி, ஆளுயரப் படம். விருந்தில் தரையில் உட்கார்ந்து அவர்களோடு கையாலேயே சாப்பிட்டதையும் எலிசபெத் எழுதி வைத்திருக்கிறார். படம் முடிந்ததும் தூதர் அதைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு தர மறுத்தார். ஆளை வைத்து ரகசியமாக எடுத்து வரவேண்டியதாயிற்று. படம் காணோம் என்று தூதர் தம் வேலைக்காரனைக் கொல்லக் கிளம்பிவிட்டார்; பாரிஸில் அது வழக்கமில்லை என்று மொழிபெயர்ப்பாளர் புரியவைக்கப் படாதபாடு பட்டாராம். 1789 கண்காட்சியில் எல்லோரும் வியந்து பார்த்த படம் அது. மெல்லிய வெள்ளைத் துணி தூதருக்குக் கம்பீரம், அரசிக்கு அவமானம். 2019இல் நியூயார்க்கில் இந்தப் படம் சுமார் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1787க்கு வருவோம். இதற்குள் வைர அட்டிகை மோசடி வழக்கில் அரசியின் பெயர் தேவையில்லாமல் நாறிப்போயிருந்தது. கஜானா காலி, பழி அரசி தலையில். ஊர் அவருக்குப் பற்றாக்குறை அம்மாள் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டது. கெட்ட பெயரைத் துடைக்க அரசாங்கம் யோசித்த வழி ஒரு படம்: குழந்தைகளோடு அரசி. நல்ல தாய் என்று காட்டிவிட்டால் போதும் என்ற கணக்கு. அதை வரைய எலிசபெத்தை அமர்த்தினார்கள். இந்த முறை பாடம் படித்தவராக, சிவப்பு வெல்வெட் உடுப்பு, சுற்றிலும் குழந்தைகள், இயேசுவின் திருக்குடும்பப் படங்களைப் போன்ற அமைப்பு. பின்னால் நகைப் பேழை நிழலில் மங்கிக் கிடக்கிறது. பிள்ளைகளே நகை என்று சொன்னதாக ரோமானியர் கதையில் வரும் கொர்னேலியா என்ற தாயை நினைவூட்டத்தான் அது.

வரைந்துகொண்டிருந்தபோதே, ஜூன் மாதம், ஒரு வயதுகூட நிறையாத கடைக்குட்டி சோபி இறந்துபோனாள். படத்தில் மூத்த மகன் கைகாட்டும் தொட்டில் காலியாக இருப்பது அதனால்தான். ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் கண்காட்சி தொடங்கிய நாளில் படத்தை அனுப்பவில்லை. சுவரில் வெறும் சட்டம் மட்டும் தொங்கியது. அதையும் பற்றாக்குறை என்று கேலி செய்தார்கள். பின்னர் படம் வந்து மாட்டப்பட்டது, ஓவியருக்குப் பாராட்டு கிடைத்தது. அரசியின் பெயர் மட்டும் தேறவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1789 ஜூனில் அந்த மூத்த மகனும் இறந்தான். கடந்து போகும்போதெல்லாம் அழுகை வருகிறது என்று அரசி அந்தப் படத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அதனால்தான் புரட்சிக் கூட்டம் அரண்மனைக்குள் வந்தபோது அது தப்பியது என்று எலிசபெத் நம்பினார். இன்று வெர்சாயில் பார்க்கலாம்.

அதே 1787 கண்காட்சியில் எலிசபெத் தம்மையும் மகள் ஜூலியையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்த படமாக வைத்தார். அதில் வாயைத் திறந்து மெல்லச் சிரிக்கிறார், பல் தெரிகிறது. இதற்கும் சண்டை! மதிப்புள்ள பெண்கள் படத்தில் பல் தெரியச் சிரிப்பதில்லை என்பது விதி. குடிகாரர்களும் குழந்தைகளும் பைத்தியங்களும்தான் அப்படி. இன்று நம் குடியிருப்பு விழாப் படங்களில் சிரிக்காதவரைத்தான் திரும்ப நிற்கச் சொல்கிறோம்.

பேரும் புகழும் இருந்த பெண்ணுக்கு வதந்திக்குக் குறைவிருக்குமா? 1788இல் ஒரு மாலை வீட்டுக்கு வரும் நண்பர்களுக்குத் திடீரென்று கிரேக்க விருந்து வைக்கலாம் என்று தோன்றியது. ஓவியக்கூடத்துத் துணிகளைப் போர்வையாகச் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரரிடம் மண்குவளைகள் கடன் வாங்கி, பதினைந்து பிராங்கில் முடித்தார். வெர்சாய்க்கு அந்தச் செய்தி போனபோது செலவு இருபதாயிரம். ரோமுக்குப் போனபோது நாற்பதாயிரம், வியன்னாவில் அறுபதாயிரம், ரஷ்யாவில் எண்பதாயிரம். வாட்ஸ்அப் குழு இல்லாத காலத்திலேயே இந்த வேகம். அரசிக்கு நெருக்கமானவள், ஊதாரி என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. புரட்சி நெருங்கும்போது அது உயிருக்கே ஆபத்தானது. வீட்டுச் சன்னல் கம்பி வழியாக அடித்தளத்தில் கந்தகப் புகை போட்டார்கள். தெருவில் முஷ்டியைக் காட்டினார்கள்.

1789 அக்டோபர் 5. சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்த நாள். அன்று நள்ளிரவு எலிசபெத் ஏழைத் தொழிலாளிப் பெண் போல உடுத்திக்கொண்டு, ஒன்பது வயது ஜூலியையும் அவளுடைய ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு பொதுக் கோச்சு வண்டியில் ஏறினார். பிறரை உடுப்பால் உயர்த்தியும் தணித்தும் காட்டியவர், தம் உயிரைக் காக்க உடுப்பை மாற்றிக்கொண்டார். கணவர் பாரிஸிலேயே தங்கிவிட்டார். சில மாதத்தில் திரும்பலாம் என்று போனவர் திரும்ப 12 ஆண்டு ஆயிற்று.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நாடு போனது, சம்பாத்தியமும் போனது. முதன்முறையாகத் தம் வருமானம் தம் கையில் நின்றது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். ரோமில், நேப்பிள்ஸில், வியன்னாவில், பீட்டர்ஸ்பர்க்கில், போன இடமெல்லாம் வரிசையில் காத்திருந்து படம் வரைந்துகொண்டார்கள். பிளாரன்ஸ் நகரின் உபிட்சி காட்சியகம் பெரிய ஓவியர்களின் சொந்தப் படங்களைச் சேர்த்து வைக்கும் இடம். 1790இல் அவர்களுக்காகத் தம்மையே வரைந்தார். கறுப்பு உடுப்பு, சிவப்பு இடுப்புப் பட்டை, கையில் தூரிகை. அவர் வரைந்துகொண்டிருக்கும் திரையில் மங்கலாக ஒரு முகம் தெரிகிறது. மேரி அன்டாய்னெட். அந்த நேரத்தில் அரசி பாரிஸில் காவலில் இருந்தார். நான் யாருடைய ஆள் என்பதை அவர் மறைக்கவில்லை.

நேப்பிள்ஸில் எம்மா ஹார்ட் என்ற ஆங்கிலப் பெண்ணை வரைந்தார். கொல்லர் மகள், வேலைக்காரியாக இருந்தவள், அப்போது ஆங்கிலத் தூதர் ஹாமில்டனின் ஆசைநாயகி. சீமாட்டி என்று வரைய முடியாது, வேலைக்காரி என்றும் வரைய முடியாது. ஆகவே புராணத்துக்குள் நுழைந்தார்: திராட்சைக் கொடியோடு ஆடும் பெண், எதிர்காலம் சொல்லும் சிபில். எம்மா பிறகு ஹாமில்டனை மணந்து சீமாட்டியானார். அந்த சிபில் படத்தை எலிசபெத் விற்காமல் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார். புதிய நகரத்தில் அதைக் காட்டினால் வேலை வரும்.

பாரிஸில் அவர் பெயர் ஓடிப்போனவர்கள் பட்டியலில் ஏறியது, குடியுரிமை போயிற்று. கணவர் அவருக்காக வாதாடிச் சிறு புத்தகமே போட்டார், பலனில்லை. சொத்தைக் காப்பாற்ற 1794இல் விவாகரத்து செய்துகொண்டார். அதற்கு முன்பே, 1793 அக்டோபர் 16 அன்று, அரசியின் தலை துண்டிக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் துய் பாரியும் கில்லட்டினுக்குப் போனார். எலிசபெத் வரைந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் படத்தில் மட்டும் மிஞ்சின.

ரஷ்யாவில் ஆறு ஆண்டு. பேரரசி காதரின் தம் பேத்திகள் இருவரை வரையச் சொன்னார். எலிசபெத் தம் பாணியில் கிரேக்க உடையில் கை தெரிய வரைய, பேரரசிக்குப் பிடிக்கவில்லை. கைகளை மூடித் திருத்தி வரைந்தார். பாரிஸில் மஸ்லின், இங்கே கை. காதரினையே வரையும் முன் 1796இல் அவர் இறந்துவிட்டார். பீட்டர்ஸ்பர்க்கில்தான் ஜூலி தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எலிசபெத்துக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் ஒட்டவே இல்லை. பெண்களுக்கு அவரவர் விருப்பமான கோலத்தைத் தந்தவர் சொந்த மகளின் விருப்பத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

255 கலைஞர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்ததன் பேரில் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டு, 1802இல் பாரிஸ் திரும்பினார். பிறகு லண்டனில் சில ஆண்டு. நெப்போலியனின் தங்கை கரோலினை வரைந்தபோது அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வராமல், வரும்போதெல்லாம் வேறு உடுப்பில், வேறு தலையலங்காரத்தில் வந்து சோதித்தார். உண்மையான இளவரசிகள் என்னைக் காக்க வைத்ததில்லை என்று அவர் காதில் விழும்படியே எலிசபெத் முணுமுணுத்தாராம். புதுப்பணக்காரர்களை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்களின் பசியைப் பற்றி அவர் எழுத்தில் தேடினாலும் கிடைக்காது.

1813இல் முன்னாள் கணவர், 1819இல் ஜூலி, அடுத்த ஆண்டு தம்பி என்று ஒவ்வொருவராகப் போனார்கள். தம்பி மகளும் கணவர் வழி உறவுப் பெண் ஒருத்தியும் கடைசிக் காலத்தில் துணையாக இருந்தார்கள். எண்பது வயதில் தம் நினைவுக் குறிப்புகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்கள் வரைந்தவர் 1842 மார்ச் 30 அன்று, 86 வயதில் காலமானார். லூவ்சியென் கிராமத்தில் அவர் கல்லறைக் கல்லில் செதுக்கியிருப்பது ஒரு வண்ணத்தட்டும் தூரிகையும்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. எல்லாப் பெண்களுக்கும் ஒரே பெரிய கண், ஒரே பளபளப்பு, முகஸ்துதி என்பார்கள். மகளைக் கட்டிக்கொண்டு தம்மையே திரும்பத் திரும்ப வரைந்ததை சிமோன் த பொவ்வார் தற்பெருமை என்றே எழுதினார். கண் விஷயத்தில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த வண்ணத்தட்டு அவர் கையில் இருக்கும் படங்களை மட்டும் தனியாகப் பார்த்தால் தற்பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாம் இந்த வேலைக்காரி என்று அவருக்காக வேறு யாரும் வரையவில்லையே.

பிரான்ஸில் அவருக்கென்று முதல் பெரிய கண்காட்சி நடந்தது 2015இல்தான். பாரிஸின் அரசு ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897இல்.

ஓய்வு நேரம் கிடைக்கும்போது மேரி அன்டாய்னெட்டின் 1783ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டையும், மஸ்லின் உடுப்பையும் பட்டுடுப்பையும், கைப்பேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எது இறக்கப்பட்ட படம் என்று சொல்லாமல் காட்டுங்கள். ரோஜாவும் அதுதான், முகமும் அதுதான்.